லோட்ஷெடிங் நிறுத்திய லூப்

லோட்ஷெடிங்குக்கு, அதாவது கரண்ட் கட்டுக்கு, நன்றி சொன்ன ஒரே கல்கத்தாக்காரன் நானாகத்தான் இருப்பேன்!

எண்பதுகளின் நடுவில் நடந்தது. கார்டன் ரீச் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் நான் டிரெய்னி இன்ஜினியர்.

புதிதாகக் கம்ப்யூட்டர் பிரிவு திறந்தார்கள். ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டினால் அங்கே இடம். இல்லாவிட்டால் பழையபடி இரும்புத் தகடு அடிக்கும் பிளேட் ஷாப். (அந்தச் சுத்தியல் சத்தம் ஞாயிற்றுக்கிழமையும் காதில் கேட்கும்.)

என் புரோகிராம் டிரை டாக்கில், அதாவது கப்பல் ரிப்பேர் செய்யும் பெரிய தொட்டியில், தண்ணீர் ஏற்றுவது. அரை மீட்டர் கூட்டு, ஆழத்தை அச்சடி. ஆழம் 5 ஆகாதவரை இதையே திரும்பச் செய். (இதற்குப் பெயர்தான் லூப்.)

முந்தின நாள் ஓட்டிப் பார்த்தேன். கச்சிதமாக 5-இல் நின்றது.

மறுநாள் மேனேஜர் முகர்ஜி சார் வந்தார். (அவர் பேசியது வங்காளமும் இங்கிலீஷும். தமிழில் போடுகிறேன்.)

"அரை மீட்டர் ரொம்பப் பெருசுப்பா. பத்துப் பத்து சென்டிமீட்டரா ஏத்து."

"இதென்ன பெரிய வேலை சார்!" (வாய்க்கொழுப்பு.) 0.5-ஐ 0.1 ஆக்கினேன்.

பிரிண்டர் கிளம்பியது. ஆழம் ஐந்து மீட்டரைத் தாண்டியது. பத்து. இருபது! நிறுத்தும் விசை எது என்பதே பதற்றத்தில் மறந்துவிட்டது.

"என்னப்பா, பக்கத்துல கிதர்பூரே முழுகிடுச்சே!"

டப். கரண்ட் போனது. ஃபேன், பிரிண்டர், என் வெள்ளம், எல்லாம் நின்றன.

"டீ குடிச்சிட்டு வரேன். கரண்ட் வந்தும் இதே கதைன்னா, பிளேட் ஷாப் எங்கயும் ஓடிடாது."

அவர் போனதும் கத்தினேன். "மெஷினே கோளாறு!"

கூட இருந்த டிரெய்னி ரேவதி, கல்கத்தா டாக்குரியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேப்பரைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஆரே பாபா, கத்தாதீங்க ரகு. இங்க பாருங்க. 4.999998. அடுத்தது 5.099998. உங்க அஞ்சு வரவே இல்லையே!"

உறைத்தது. மெஷின் பின்னங்களை அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகத்தான் சேர்த்து வைக்கும். 0.5 அந்த மெஷினுக்குள் முழுசாக உட்காரும். 0.1 உட்காராது. ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை பிசகு.

"சரியா அஞ்சு வந்தாதான் நிப்பேன்னா? நம்ம பம்ப் ஆளு, தண்ணி கோட்டைத் தாண்டிட்டா வால்வை மூடுவாரா, கோட்டுமேல சரியா நிக்கலையேன்னு விட்டுக்கிட்டே இருப்பாரா?" என்றாள் ரேவதி.

அவள் சொன்னதை அப்படியே பேப்பரில் குறித்துக்கொண்டேன். (அபூர்வம்!)

ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. கரண்ட்டோடு போன புரோகிராமை மறுபடி அடித்தேன். 'ஆழம் 5 ஆகாதவரை' என்பதை '5-க்குக் குறைவாக இருக்கும்வரை' என்று மாற்றினேன்.

ஓடியது. நின்றது! 5.099998-இல்.

முகர்ஜி சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "பத்து சென்டிமீட்டர் ஜாஸ்தியா இருக்கே?"

பேப்பரை மேஜையில் வைத்தார்.

"கப்பல் மிதக்குமா?"

"மிதக்கும் சார்!"

"அப்ப திங்கட்கிழமை இங்க வந்துடு."

அப்பாடா!

உங்களுக்கு எப்போதாவது கரண்ட் கட் கைகொடுத்திருக்கிறதா? சொல்லுங்கள், நான் மட்டும்தானா என்று தெரிய வேண்டும்.