ஏழு நிமிடம் முந்திய அலுவலகம்

அந்தக் குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்த நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டு பேருடைய கடவுச்சொல் அக்காவுக்கு மனப்பாடம். கேட்டு வாங்கியதல்ல. மறந்து மறந்து அலுத்துப்போனவர்கள் தாங்களாகவே வந்து, இதைக் கொஞ்சம் நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்படைத்துவிட்டுப் போனவை. அவர் இருபது வருடத்துக்கு முன் தட்டச்சு வேலைக்குத்தான் சேர்ந்தார். ஒருநாள் உறைந்து நின்ற கணினி ஒன்றை அணைத்துப் போட்டு ஓடவைத்தார். அன்றிலிருந்து, அலுவலகத்தில் மின்சாரம் பாயும் எல்லாப் பொருளும் அவர் தலையில் வந்து விழுந்தது. சொந்தப் பெயர் மெல்ல மெல்லத் தேய்ந்து 'பாஸ்வேர்ட் அக்கா' என்பதே நிலைத்தது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதிர்ந்து பேசமாட்டார். யாருடைய கடவுச்சொல்லையும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கடவுச்சொல் மாறும்போது வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கல்யாணம் நின்றுபோனது, சின்ன மகன் பரீட்சையில் தேறியது எல்லாம் முதலில் அவர் காதுக்குத்தான் வரும், ஏழெட்டு எழுத்தாக.

அந்தக் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு கிளையும் தன் சர்வரில், உள்ளே வருகிற ஆள் யார் என்று சரிபார்க்கும் மென்பொருள் தொகுப்பு ஒன்றை நிறுவ வேண்டும். இனி எல்லாருடைய கடவுச்சொல்லும் தலைமை அலுவலகத்துப் பெட்டகத்தில் இருக்கும், ஒருவருடையது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் வேலை முடிய வேண்டும். அலுவலகத்தில் அதற்கு உடனே 'புது வாட்ச்மேன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

செவ்வாய் காலை அக்கா சர்வர் அறைக்குள் போய் உட்கார்ந்தார். அறை என்றால் அறையல்ல, இரண்டு இரும்பு அலமாரிகளுக்குப் பின்னால் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய இடம். கட்டளையைத் தட்டினார். தொகுப்பு தனியாக வரவில்லை. பெண் பார்க்க வருகிற கூட்டம் மாதிரி, தன்னோடு இன்னும் பன்னிரண்டு தொகுப்புகளை அழைத்து வந்தது. அத்தனையும் இறங்கி, ஊர் பேர் விசாரித்து, தங்களுக்கு இடம் பிடித்துக்கொண்டன. பழைய வழியை அது தானே அடைத்துவிட்டது. அக்கா புது வழியில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டார்.

அனுமதி மறுக்கப்பட்டது. எழுத்தைச் சரிபார்த்து இன்னொரு முறை போட்டார். திரும்பவும் அதே பதில். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: கடிகாரங்களுக்கு இடையே வித்தியாசம் அதிகம்.

தலைமை அலுவலகத்து உதவிப் பிரிவுக்குப் போன் போட்டார். எடுத்தவர் குரல் இளையது, மரியாதையானது. இரண்டு பக்கத்துக் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் இந்தச் சரிபார்ப்புச் சேவை யாரையும் நம்பாது என்றார். யாராவது பழைய அனுமதிச் சீட்டைத் திருடிக்கொண்டு உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

"உங்க சர்வர்ல இப்ப மணி என்னங்க மேடம்?"

"பதினொண்ணு இருபத்திமூணு."

"இங்க பதினொண்ணு பதினாறு."

அந்த ஏழு நிமிடத்தை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் இருந்த மேலாளர் ஒருவர், ஊழியர்கள் நேரத்துக்கு வரவேண்டும் என்று சுவர்க் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னே தள்ளிவைத்து, அதுவே அலுவலக நேரம் என்று சுற்றறிக்கை எண் 114 போட்டார். முதல் வாரம் எல்லாரும் அரக்கப்பரக்க ஓடிவந்தார்கள். இரண்டாம் வாரம் கணக்குப் பிடிபட்டு, பழையபடி ஆகிவிட்டது. மேலாளர் மாற்றலாகிப் போனார், ஏழு நிமிடம் போகவில்லை. வருகைப் பதிவு இயந்திரம் வந்தது, அதையும் அந்த நேரத்தில் வைத்தார்கள். சர்வர் வந்தபோது, சுற்றறிக்கையைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு அக்காவே தன் கையால் அந்த நேரத்தை ஏற்றினார். சுவரும் சர்வரும் ஒரே நொடியில் துடிப்பதைப் பார்த்து அன்றைக்கு அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அதைத் திருப்பிவைத்தால் முடிந்தது. அக்கா மேலாளரிடம் போனார். இப்போதைய மேலாளர் ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கியிருந்தவர், காகிதம் இல்லாமல் ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டார். சுற்றறிக்கையால் வந்த நேரம் சுற்றறிக்கையால்தான் போகவேண்டும் என்றார். சுற்றறிக்கைக்கு எண் வேண்டும். எண் கணினியிலிருந்து வரவேண்டும். கணினி யாரையும் உள்ளே விடவில்லை.

மேலாளர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். திடீரென்று முகம் தெளிந்து, தலைமை அலுவலகத்தோடு தானே பேசுவதாகப் போனை வாங்கினார்.

"தம்பி, ஒரு சின்ன உதவி. உங்க கடிகாரத்தை ஏழு நிமிஷம் முன்னால வெச்சுக்க முடியுமா?"

"எங்க நேரம் மேல இருந்து வருது சார்."

"மேலன்னா எந்த அதிகாரி?"

"செயற்கைக்கோள் சார்."

"சரி, அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாக்கலாமா?"

அக்கா மெதுவாகப் போனை வாங்கி வைத்துவிட்டார்.

இதற்குள் விஷயம் கசிந்து ஊழியர் சங்கத்துக்காரர் வந்து சேர்ந்தார். அவர் வரும்போதே ஒரு தாளில் பெருக்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் இன்றைக்கு ஒவ்வொருவரும் ஏழு நிமிடம் கூடுதலாக வேலை செய்யவேண்டி வரும். நாற்பத்தொரு பேருக்கு நான்கு மணி நாற்பத்தேழு நிமிடம். ஒருவருடைய அரைநாள் வேலைக்கு மேல். அதை யார் செய்வது?

காலையிலிருந்து யாருமே கணினிக்குள் நுழைய முடியாமல், அத்தனை பேரும் மேசையில் தாளம் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அக்காவுக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். வெளியே கவுன்ட்டரில் விண்ணப்பத்தோடு நின்ற கூட்டம் கதவு வரை நீண்டிருந்தது.

"அந்த ஏழு நிமிஷமும் யாரும் வேலை பாக்க வேணாம்," என்றார் அக்கா. "விடுமுறைன்னு எழுதிடலாம். நம்பருக்குப் பழைய நம்பரையே போட்டு, பக்கத்துல ஒரு 'அ' சேத்துக்கலாம்."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 114/அ என்று தலைப்பிட்டுக் கையாலேயே எழுதினார். சங்கத்துக்காரர் படித்துப் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார்: நாற்காலியில் உட்கார்ந்தாலே வேலையாகத்தான் எண்ணப்படும், ஆகவே அந்த நேரம் யாரும் நாற்காலியில் இருக்கக்கூடாது. அதையும் சேர்த்தார்கள்.

சரியான நேரம் யாரிடம் கேட்பது என்ற பேச்சு வந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போட்ட போன் ஓயாமல் மணியடித்துக்கொண்டே இருந்தது, அங்கே எடுப்பார் இல்லை. அக்காவின் கணவர் பேருந்து டிப்போவில் டைம்கீப்பர். அக்கா அவருக்குப் போன் செய்து மணி கேட்டார்.

"உன் மணியா, என் மணியா?" என்றார் அவர். பதினோரு வருடமாக அந்த வீட்டில் அந்தக் கேள்வி வாடிக்கை.

"உங்க மணி. இனிமே எனக்கும் அதுதான்."

அவர், ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார். பிறகுதான் சொன்னார். பதினொன்று முப்பத்தொன்பது, ஐம்பது நொடி.

அலுவலகம் பதினொன்று நாற்பத்தேழைத் தொட்டபோது மேலாளர் ஸ்டூலில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினார், அக்கா சர்வரில், காலையில் நுழைந்து மூடாமல் விட்டிருந்த திரையில், கட்டளையைத் தட்டினார். மணி மறுபடி பதினொன்று நாற்பது ஆனது. நாற்பத்தொரு பேரும் எழுந்து நடைபாதைக்கு வந்தார்கள்.

அங்கே வந்ததும் யாருக்கும் கைகால் ஓடவில்லை. வருடக்கணக்காக அனுமதியில்லாமல் அரைமணி ஒருமணி என்று சுகமாக நின்று பேசியவர்கள், கையெழுத்துப் போட்ட ஏழு நிமிடம் கிடைத்ததும் விறைத்து நின்றார்கள். மின்விசிறித் தகராறில் நான்கு வருடமாக முகம் பார்க்காத தபால் எழுத்தரும் வரைபடக்காரரும் அடுத்தடுத்து மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல், குழந்தைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தானும் வரிசையை விட்டு நகரலாமா என்று விசாரித்தார். சங்கத்துக்காரர் யோசித்துவிட்டு, இது ஊழியர்களுக்கு மட்டும் என்றார்.

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்தார். படி நாற்காலி ஆகாது என்று தீர்ப்பாகியிருந்தது. முப்பத்தெட்டு கடவுச்சொற்களும் தலைக்குள் வரிசையாக வந்து போயின. நாளை முதல் அவை வெறும் எழுத்துகள். பாரம் குறைந்தது போலவும் இருந்தது, பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் விடுதிக்கு அனுப்பிவிட்டது போலவும் இருந்தது.

நேரம் முடிந்ததும் போய்த் தட்டினார். சேவை அவரை யாரென்று ஒத்துக்கொண்டது. பிறகு ஒவ்வொருவராக வந்து புதுக் கடவுச்சொல் வைத்தார்கள். கடைசியாக மேலாளர் வந்தார். அவருடைய பழைய கடவுச்சொல் நான்கு வயதில் இறந்துபோன அவர் மகளின் பெயர். அலுவலகத்தில் அது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது, அதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. மேலாளர் விசைப்பலகைமேல் விரலை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பழசையே வைக்கலாமா?"

"ஒரு நம்பர் சேத்துக்குங்க சார், எடுத்துக்கும்," என்றார் அக்கா. சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். விசைகள் தட்டப்படும் ஓசையை எண்ணாமல் இருக்க அவருக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. குறிப்பிட்ட செவ்வாயன்று அந்தக் கிளையில் பதினொன்று நாற்பது முதல் நாற்பத்தேழு வரை இருமுறை நடந்திருப்பதாகப் பதிவுகள் காட்டுகின்றன, எது உண்மையானது? மேலாளர் அதை அக்காவிடம் கொண்டுவந்தார். முதல்முறை நடந்தது எங்களுடையது, இரண்டாம் முறை நடந்தது உங்களுடையது என்று அக்கா எழுதினார். அப்படியானால் பதினோரு வருடப் பதிவுகளை என்ன செய்வது என்று அடுத்த கடிதம் வந்தது. எல்லாவற்றிலும் ஏழைக் கழித்துக்கொள்ளவும் என்று பதில் போனது.

அது ஏற்கப்பட்டது. கழிப்பதற்கென்று தலைமை அலுவலகத்தில் மூன்று பேரைப் போட்டிருக்கிறார்கள். நான்கு வருடம் வரை கழித்து முடித்துவிட்டார்களாம். காலை பத்து மூன்றுக்கு வந்தவர் கழித்தபின் ஒன்பது ஐம்பத்தாறுக்கு வந்தவராகிறார், அவரைத் தாமதப் பட்டியலிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று அடிக்கடி போன் செய்து அக்காவிடம் கேட்கிறார்கள். எடுத்துவிடச் சொல்கிறார் அவர்.