களைத்துப்போன தொட்டாற்சிணுங்கி

மருதம்மாளை யாராவது இளப்பமாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சிடாம் கிரிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பதினாறு வருஷம் களைக்கு மருந்து அடித்தவள். இப்போது சுங்கை பட்டாணி நகரத்தில், நான் உதவியாளனாக இருக்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் துப்புரவு வேலை. வளாகத்துப் புல்லுக்கும் அவள்தான் மருந்து அடிப்பாள்.

பேராசிரியர் ஃபரீதா தொட்டாற்சிணுங்கியை ஆராய்கிறார். காம்பில் மெல்லிய கம்பி பொருத்தி பேட்டரியைத் தொட்டால், கை படாமலேயே இலை கூம்பும். செடிக்குள்ளும் மின்சாரம்தான் சேதி கொண்டுபோகிறது என்பார். போன மாதம் அதைப் பார்க்க விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அன்று காலை ஃபரீதா சோதித்தபோது ஒரு இலைகூட அசையவில்லை.

"மருதம்மா, நேத்து வேலியோரம் மருந்து அடிச்சீங்கல்ல? காத்துல வந்து எல்லாம் கெட்டுப்போச்சு. இனிமே உங்களை வச்சுக்க முடியாதுலா!"

அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. ஆனாலும் அழவில்லை. குனிந்து இலையைப் பார்த்தாள்.

"மருந்து பட்டா இலை மஞ்சளாகும் டாக்டர். இது அலுத்துப்போச்சு. தோட்டத்துல ஆளுங்க ஓயாம நடக்கிற பாதையில இதுங்க மூடாது." என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எத்தனை தடவை கரண்டு விட்டீங்க?"

எனக்கு முகம் செத்துவிட்டது. விருந்தாளிகள் முன்னால் சொதப்பக்கூடாதென்று விடியற்காலையிலிருந்து ஒத்திகை பார்த்தவன் நான்தான்.

"நாப்பது இருக்கும்," என்றேன்.

"சும்மா விடுங்க. யாரும் கிட்ட வராதீங்க."

கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஃபரீதாவையே உள்ளே விடவில்லை. விருந்தாளிகளுக்கு டீ கொடுத்து, பேசி, இரண்டு மணி நேரத்தை ஓட்டினோம்.

பிறகு ஃபரீதா பேட்டரியைத் தொட்டார். இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பின, காம்பும் சாய்ந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

"கை தட்டறதுன்னா இவங்களுக்குத் தட்டுங்க," என்றார் ஃபரீதா. "செடிக்கு ஓய்வு வேணும்னு சொன்னது மருதம்மாதான். நான் விசாரிக்காம இவங்க மேல பழி போட்டேன். என் தப்பு."

இன்னும் பலமாகத் தட்டினேன்.

மருதம்மாள் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். "அப்ப நாளைக்கு வேலைக்கு வரலாமா டாக்டர்?"

ஃபரீதா கிட்டே வந்தார். அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.