ஜெனரலுக்கு அண்ணா எழுதிய கல்வெட்டு

அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அண்ணாவைப்போல் எழுத எனக்கு வராது. எதை எழுதினால் யார் மனம் நோகுமோ என்ற பயத்தில் மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது.

அண்ணா பிறந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சியில். ஐயா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து அம்மாவையும் என்னையும் பார்த்தார். அம்மா படுக்கையில் விழுந்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அது தன்னுடைய குற்றம் என்றே அண்ணா கடைசிவரை நினைத்திருந்தார்.

அண்ணாவை ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது தபால் வேலையால் அல்ல, கல்வெட்டால். யாராவது காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, இறந்தவரின் வரலாற்றைச் செய்யுளாகக் கட்டி அச்சடித்து இராகத்தோடு வாசிப்பார்கள் அல்லவா, அதை எழுத அண்ணாவிடம்தான் வருவார்கள். பிறந்த ஊர், பெற்றார், சகோதரங்கள், மைத்துனர்மார், மருமக்கள் என்று ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. விடுபட்டால் செத்தவீட்டில் சண்டை. பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். இறந்தவரின் குறை மட்டும் அதில் ஒருபோதும் வராது.

இராணுவத்தால் ஊரில் இருக்க ஏலாத நிலை வந்தபின், எண்பத்து நான்காம் ஆண்டு கடைசியில், அண்ணியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அண்ணா டென்மார்க் வந்தார். நானும் கணவரும் முன்பே இங்கே இக்காஸ்ட் நகரில் துணி ஆலையில் வேலை. அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு எங்களோடு இருந்தார். டேனிஷ் பேசிப் பழகட்டும் என்று வகுப்பு ஆசிரியை அவரைப் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார். அங்கே போன அண்ணா டேனிஷ் பழகவில்லை. தொண்ணூறை நெருங்கிய ஒரு ரஷ்ய அம்மாவோடு இங்கிலீசில் கதைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் தகப்பனார் ஜார் மன்னரின் குதிரைப்படையில் ஜெனரலாக இருந்தவர். அவருக்குக் கல்லறை எங்கே என்றுகூட இப்போது தெரியாது, அவர் வாழ்க்கையைச் சொல்லத் தன்னைத் தவிர யாருமில்லை என்று அந்த அம்மா ஒருநாள் அழுதிருக்கிறார். அண்ணாவுக்கு அது பொறுக்கவில்லை.

"நான் எழுதித் தாறன் எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை," என்றார் வீட்டுக்கு வந்து.

"ரஷ்யாக்காரனுக்கோ அண்ணை? கல்வெட்டோ?"

"ஏன், அவர் சாகேல்லையோ?"

அடுத்த நாளே கொப்பியும் பேனையுமாகப் போய், ஜெனரலின் மைத்துனர்மார் எத்தனை பேர், மருமக்கள் யார் என்று விசாரித்திருக்கிறார். யாரையாவது விட்டால் கோவிப்பார்கள் என்று காரணமும் சொன்னாராம். அந்த அம்மா சிரித்துவிட்டு, "எல்லாரும் செத்துப்போச்சினம். கோவிக்க ஒருத்தரும் இல்லை, துணிஞ்சு எழுதும்" என்றாராம்.

ஜெனரலின் கதையை அண்ணா சாப்பாட்டு மேசையில் சொல்லச் சொல்ல நாங்களும் பாடமாக்கிவிட்டோம். பெரிய பண்ணையில் பிறந்தவர். நடக்கப் பழகியதும் குதிரையில் ஏற்றினார்களாம். பத்து வயதில் படைப் பள்ளிக்கூடம். துருக்கியரோடு நடந்த போரில் குதிரையோடு ஆற்றை நீந்திக் கடந்தார். தோளில் குண்டு பட்டும் மாலைவரை சேணத்தை விட்டு இறங்கவில்லை. பிறகு ஜெனரல் ஆனார். இனி வாளை வைத்துவிட்டு நிருவாகம் பார் என்று மன்னர் அவரைத் தென்பகுதி மாகாணம் ஒன்றுக்கு ஆளுநராக அனுப்பினார். கொலரா வந்தபோது தன் மாளிகையின் பாதியை ஆஸ்பத்திரியாக்கினார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். கடைசியில் தலைநகரில் மன்னரின் ஆலோசனைச் சபையில் இருந்தார். உழுகிறவனுக்கு நிலம் கொடாவிட்டால் நாடு உங்களுக்கு மிஞ்சாது என்று மன்னருக்கு முகத்துக்கு நேரே சொன்னார். அதோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் படுக்கையில் இறந்து சில வருடங்களில் புரட்சி வந்தது. மகள் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தார்.

இளவயதிலேயே ஜெனரலின் மனைவி இறந்துவிட்டதால், மனைவி புலம்பலுக்குப் பதில் அண்ணா குதிரை புலம்பல் பாடியிருந்தார்.

"குதிரை அழுமோ அண்ணை?"

"அவரோட நெடுங்காலம் சீவிச்சது அதுதானே. அது அழாமல் ஆர் அழுறது?"

இனி எழுதப் போவதுதான் எனக்குப் பாரமானது.

அகதி விண்ணப்பம் தொடர்பாக அண்ணாவைப் பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. ஏதாவது படையில் இருந்தாயா, ஆயுதம் எடுத்தாயா என்றுதான் முதலில் கேட்பார்களாம். அன்று மத்தியானம் காலைமுறை வேலை முடிந்து வந்து அறையைக் கூட்டும்போது அண்ணாவின் கொப்பி கையில் பட்டது. திறந்த பக்கமெல்லாம் படை, தாக்குதல், குண்டு, கட்டளை. மேசையில் கேட்ட கதைதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதை ஒரு மொழிபெயர்ப்பாளர் பொலிசுக்கு வாசித்துக் காட்டினால்? போதாக்குறைக்கு ரஷ்யா வேறு. அண்ணாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே, அண்ணியும் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்று பயந்தேன். வீடு சூடாக்கும் அடுப்பில் கொப்பியைப் போட்டுவிட்டேன்.

பின்னேரம் அண்ணா தேடினார். கட்டிலுக்குக் கீழே, பைக்குள், கோட்டுப் பைக்குள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்கேயோ தவறவிட்டிட்டன் போல," என்றார்.

விசாரணையில் யாரும் அவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

செய்யுளாக்கியது எல்லாம் அண்ணாவுக்கு மனப்பாடம். திருப்பி எழுதிவிட்டார். ஆளுநராக இருந்த காலத்தைப் பற்றிய குறிப்புகள் மட்டும் இன்னும் பாட்டாகவில்லை, அவை போனது போனதுதான். அந்த அம்மாவோ நெஞ்சில் சளி கட்டிப் படுத்திருந்தார். முடிப்பதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டால் நான்தான் பாவி என்று எனக்கு நித்திரையில்லை. அண்ணா மறுபடி கேட்கப் போனபோது வடையும் சுட்டுக்கொண்டு நானும் கூடப் போனேன்.

ஜெனரலின் மாகாணத்தில் மழை பொய்த்த வருடம், சனம் மாவு கேட்டு ஆளுநர் மாளிகைக்கு முன் திரண்டது. குதிரைப்படை அவர்கள் மேல் பாய்ந்தது. முதல் தடவை இதைச் சொன்னபோது, வீரர்கள் தங்கள் பாட்டில் செய்த வேலை, அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் அந்த அம்மா சொன்னாராம். இம்முறை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு இங்கிலீசில் மெல்ல ஏதோ சொன்னார். அண்ணா பேனையைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"அப்பாதான் கட்டளை குடுத்தவராம். தான் மேல் யன்னலில நிண்டு கேட்டதாம். அப்ப தனக்கு எட்டு வயசாம்."

ஊரில் ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவர் அண்ணா. வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேனையைத் தொடவில்லை.

"விட்டிடுங்கோ அண்ணை," என்றேன். "கல்வெட்டில குறை எழுதுறேல்லைத்தானே. நல்லதை மட்டும் பாடி முடியுங்கோ."

"நல்லதை மட்டும் பாடுறதெண்டால் அவ முதல் சொன்னதே போதுமே. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஏன் மாத்திச் சொன்னவ?"

நாலாம் நாள் இரண்டு வரி எழுதினார்.

உணவு கேட்டு வந்தவர் மேலே
ஓடுக குதிரை என்றதும் அவரே.

வாசிக்கப் போன அன்று அந்த அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாதே. அந்த இடம் வரும்போது கையைத் தூக்கிக் காட்டும்படி கேட்டார். அண்ணா இராகத்தோடு பிறப்பு, போர், ஆஸ்பத்திரி என்று பாடி வந்து, அந்த இரண்டு வரியில் கையைத் தூக்கினார். ஒரு சொல்லும் விடாமல் பாடினார். அந்த அம்மா அவர் தூக்கிய கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குதிரை புலம்பல் முடியுமட்டும் விடவில்லை. இரண்டு வாரத்தில் அந்த அம்மா போய்விட்டார்.

அண்ணாவுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அண்ணியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மூன்று மாதம் ஒன்றாக இருந்தார்கள். ஒரு காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணாவின் நெஞ்சு நின்றுவிட்டது.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கிய எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ரண்டர்ஸிலிருந்தும் கோல்டிங்கிலிருந்தும் லீவு போட்டு வந்து சமைத்துத் தந்தவர்கள், தேவாரம் பாடியவர்கள், எங்களோடு நின்ற கத்தோலிக்கக் குடும்பங்கள், பூவோடு வந்த முதியோர் இல்லத்துப் பெண்கள், ஆலையில் என் முறையையும் சேர்த்துச் செய்தவர்கள், எல்லோரையும் கும்பிடுகிறேன். பெயர் போட்டால் ஒன்று விடுபட்டுவிடுமோ என்ற பயத்தில் போடவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் அண்ணியிடம் நீட்டினேன். கொப்பியை நான் எரித்ததை அண்ணாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அண்ணியாவது வெட்டச் சொல்லுவார் என்று நினைத்தேன். முழுக்க வாசித்தார்.

"இதை இப்பதான் சொல்லுறீரோ?"

"ஓம் அண்ணி. அண்ணைக்குத் தெரியாமலே போச்சு."

"அவர் எனக்கு அப்பவே கடிதத்தில எழுதினவர். அடுப்புக்குள்ள கொப்பி மட்டை கிடந்ததாம். 'தங்கச்சி எனக்காகப் பயந்தவள், நீர் வந்தாலும் ஒண்டும் கேளாதையும்' எண்டு எழுதியிருந்தவர்."

அண்ணி ஒரு சொல்லையும் வெட்டவில்லை. நானும் வெட்டாமல் கொடுக்கிறேன்.

இக்காஸ்ட்டிலிருந்து
தங்கை