அட்டையில் இருந்த ஈரம்

சாவியைக் கொடுத்தவன் நான், கன்னியப்பன் அல்ல. ஏழுமலையின் மீன் வண்டி பிரேக் பிடிக்காமல் போய் மோதியதற்கு இரண்டு வருடமாக எல்லோரும் கன்னியப்பன் பெயரைச் சொன்னார்கள். அது அநியாயம். அவர் செத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அவரிடம் வண்டி விட்டவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன் வந்தபோது ஒரு காரின் பின்சக்கரத்தடியில் படுத்திருந்தேன். வண்டிக்காரர் மேலே உட்கார்ந்து பிரேக் பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். பிரேக் ஆயில் வெளியேறும் நிப்பிளை மூடிவிட்டுத்தான் போனை எடுத்தேன். கன்னியப்பனின் மனைவி வசந்தா. "அண்ணே, அவரு பூட்டாருண்ணே" என்றாள். சரிம்மா என்றேன். மற்ற மூன்று சக்கரங்களையும் முடித்துவிட்டுத்தான் போனேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் நானும் கன்னியப்பனும் வைத்திருந்த மெக்கானிக் ஷெட். எங்கள் இருவருக்கும் யாரும் பாடம் நடத்தவில்லை. வண்டியைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். பிரேக் ஆயில் கசிவைச் சரிசெய்தால் பைப்புக்குள் காற்று புகுந்திருக்கும். அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். கால் என்னுடையது, கை அவருடையது. கீழேயிருந்து "அமுக்கு", "புடி", "வுடு" என்று குரல் வரும். முப்பது வருடத்தில் நாங்கள் அதிகம் பேசிய வார்த்தைகள் இவைதான். ஒருமுறை அவர் "வுடு" சொல்வதற்கு முன் காலை எடுத்துவிட்டேன். "இன்னா அண்ணாத்த, காலு மட்டும் வூட்டுக்குக் கெளம்பிடுச்சா? மொதல்லேர்ந்து அமுக்கு" என்றார்.

பிரேக் வேலை முடிந்ததும் அவர் வண்டியைத் தர மாட்டார். பெட்டி அட்டைகளை விரித்து நான்கு சக்கரத்தடியிலும் போடுவார். மறுநாள் காலை டீ குடிப்பதற்கு முன் அட்டையைப் பார்ப்பார். ஈரம் இருந்தால் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார். தண்ணீர் காய்ந்துவிடும், பிரேக் ஆயில் வழவழவென்றே நிற்கும். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் இன்றைக்கே கார் வேண்டும் என்று சண்டை போட்டார். கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓடாத வண்டிக்காரரு வந்து திட்டுவாரு சார். நிக்காத வண்டிக்காரரு வரவே மாட்டாரு. நீங்க வந்து திட்டுங்க, அதான் எனக்கு வேணும்." கார்க்காரர் சிரித்துவிட்டுப் பஸ்ஸில் போனார்.

ஏழுமலையின் வண்டி ஒரு பழைய ஆம்னி வேன். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, கடற்கரைக் குப்பத்திலிருந்து செங்கல்பட்டுச் சந்தைக்கு மீன் ஏற்றுகிற வண்டி. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் எப்போதும் கீழே சொட்டும். பின் இடது சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்தது. கன்னியப்பன் புதிதாகப் போட்டார், காற்று எடுத்தோம், அட்டை விரித்தார். மறுநாள் காலை அவர் திருப்போரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். போகும்போது, "அட்டையப் பாத்துட்டுக் குடு அண்ணாத்த" என்றார்.

பார்த்தேன். ஈரம் இருந்தது. மீன் தண்ணீர் என்று நினைத்தேன். "மீனு கெட்டுப்பூடும்பா, சாவியக் குடு, பேஜாரு பண்ணாத" என்று ஏழுமலை தலைக்குமேல் நின்றார். நான் குனியவில்லை, தொடவில்லை. கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் செங்கல்பட்டு இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டது. வண்டி ஒரு லாரியின் பின்னால் மோதியது. ஓட்டிய ஏழுமலையின் மச்சானுக்கு வலது முழங்கால் நொறுங்கியது. உப்பு அரித்த பைப் முனையில் கசிந்திருக்கிறது. அந்த மாதிரிக் கசிவைக் காட்டத்தான் அட்டை.

ஏழுமலை ஷெட்டுக்கு வந்து கத்தியபோது உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். கன்னியப்பன் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, "வேல என்னுது" என்றார். ஏழுமலை போனபிறகு நான் கன்னியப்பனிடம் சண்டை போட்டேன். "ரெண்டு பேரு பேரும் கெடணுமா? ஒண்ணு போதும். அமுக்குன்னா அமுக்கு, புடின்னா புடி" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. குப்பத்து வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களிடம் வராமல் போயின. என் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. "வுடு" என்று சொல்லாமலே போய்விட்டார்.

செத்த வீட்டில் பந்தலுக்கடியில் ஒருவர், "நல்ல மனுசன்தான்பா. அந்த மீன் வண்டியிலதான் கோட்ட வுட்டுட்டாரு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன். ஏழுமலையின் ஆம்னி நின்றிருந்தது. பின் இடது சக்கரத்தடியில் ஈரம். குனிந்து தொட்டு விரலில் தேய்த்தேன். காய்ந்தது. தண்ணீர்தான்.

அன்று நான் தொடாமல் விட்ட அட்டை என்னிடம் இருக்கிறது. மீன் தண்ணீர் பட்ட இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதன் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இன்னும் எண்ணெய்ப் பசையாக இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுவும் அந்த மூன்று வார்த்தைகளும்தான்.

இனி நடக்க வேண்டியது. காரியத்தன்று மெக்கானிக் சங்கத்துக்காரர்கள் இதை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். அட்டையை நான் கொண்டுவருவேன். ஏழுமலை வசந்தாவிடம் போய், தன் வாயால் சொன்னதைத் தன் வாயாலேயே திரும்பப் பெற வேண்டும். அவர் மச்சான் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவன் நான். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். பந்தலில் தலையாட்டியவர்கள் இனி ஆட்டக் கூடாது. பிரேக் வேலைக்கு ஷெட்டுக்கு வருகிறவர்கள் தங்களோடு ஓர் ஆளை அழைத்து வர வேண்டும். கீழே நான் படுத்துக்கொள்வேன். பெடலை மிதிக்க இங்கே ஆள் இல்லை.