மாலை போட்ட டிராக்டர்

"மாப்ள குட்த்த ஆயிலாச்சேன்னு ஊத்துனேன் நைனா. இப்போ இஞ்சினு ஒழுவிக்கினே கீது."

சாலவாக்கம் கோதண்டம் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் உத்திரமேரூரில் இருந்த என் ஒர்க்‌ஷாப்புக்குள் டிராக்டரைக் கொண்டுவந்தார். எண்பதுகளில் நடந்தது. துபாயிலிருந்து வந்த மருமகன் இரண்டு டின் சிந்தெடிக் ஆயில் கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை. டிப்ஸ்டிக்கை உருவி விரலில் தொட்டு இழுத்தேன். நாங்கள் ஊற்றும் நாற்பதாம் கிரேடு, வெல்லப்பாகு போல நூல் விடும். இது விடவில்லை. நிறமும் கரியாக இருந்தது. ஆயில் பிரஷர் முள் பாதிக்குக் கீழே கிடந்தது.

ஏரித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரத்துக்குள் நாலு ஏக்கரும் சேறடித்துச் சேடை ஓட்டாவிட்டால் அவருக்கு நாற்று முற்றிவிடும். கவலைகளை எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். அன்று எண்ணியதில் இதுதான் முதலாவது.

ஆயிலை இறக்கிவிட்டுப் பழையபடி சாதா ஆயிலே ஊற்றலாம் என்றேன். பக்கத்தில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்த டிரைவர் ஏழுமலை தலையை நீட்டினார்.

"வாணாம்ணா. மாலை போட்டவனுக்கு நடுவுல கறி ஊட்றாப்புல ஆயிடும். இஞ்சின் சீஸாயி நின்னுடும்."

கோதண்டம் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு ஆயிலையும் ஒரு பாட்டிலில் கலந்து குலுக்கி வெயிலில் வைத்துவிட்டு, இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினேன். ஸ்டிரெய்னர் வலை முழுக்கக் கசடு அடைத்திருந்தது. மெலிந்த புது ஆயில், பல வருஷத்து அழுக்கைக் கழுவிக் கொண்டுவந்து அங்கே சேர்த்திருக்கிறது. தேய்ந்த ஆயில் சீலை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்ததும் அந்த அழுக்குதான். அது போனதும் ஒழுகியது. வலையைக் கழுவி மாட்டி, ஃபில்டரையும் மாற்றினேன். வெயிலில் வைத்த பாட்டிலைக் காட்டினேன். ஆயில் திரியவும் இல்லை, பிரியவும் இல்லை.

ஊற்றப் போகும்போது கோதண்டம் மறுபடி தயங்கினார். "சாமி குத்தம் மாரி இன்னாவாச்சும் ஆயிடப் போவுது."

"வண்டி மலைக்குப் போயிட்டு வந்துடுச்சிண்ணா. மாலைய கயட்டிட்லாம்" என்றேன்.

முதலில் சிரித்தவர் ஏழுமலைதான்.

சாதா ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் முள் பச்சைக்கு ஏறி அங்கேயே நின்றது. ஒழுக்கு, சொட்டாகக் குறைந்தது. நடவு முடிந்தபின் சீலை நிதானமாக மாற்றிக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தேன்.

இளைய மெக்கானிக்குகளுக்கு ஒன்று சொல்வேன். ஆயில் வகையை மாற்றலாம், பழையதற்குத் திரும்பியும் வரலாம். பழைய இஞ்சினில் மாற்றினால் மட்டும் ஸ்டிரெய்னரையும் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். கறுத்த ஆயில் எல்லாம் கெட்ட ஆயில் அல்ல; வேலை செய்த ஆயிலாகவும் இருக்கலாம்.

வாரக் கடைசியில் சக்கரமெல்லாம் சேறாக அந்த டிராக்டர் என் வாசல் வழியே போனது. கோதண்டம் நிறுத்தவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினார்:

"நாலு ஏக்கரும் ஆச்சு நைனா. கறி துன்னுட்டுதான் ஓடுது!"