இந்த இடத்தில் இறங்கி உருட்டவும்

சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு வழி எழுதிக் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு, எழுதுகிறவனுக்குக் கால் நோகாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோ நகருக்குள் ஒரு மாடி அறையில் இருந்து நாலு வருஷம் இந்த வேலையைச் செய்தேன். கனடாக்காரர்களை நோர்வேயின் மேற்குக் கரைக்குக் கூட்டிப்போய் எட்டு நாள் சைக்கிள் ஓடவிடும் சின்னக் கொம்பனி அது. அங்கே கடல், மலைகளுக்கு நடுவால் மைல்கணக்கில் நாட்டுக்குள்ளே புகுந்து கிடக்கும். ஃபியோர்ட் என்பார்கள். அதன் கரையோரமாகவும் பக்கத்து மலைகளில் ஏறியும் றோட்டுகள் போகும். எந்தச் சந்தியில் திரும்புவது, எத்தனையாவது கிலோமீற்றரில் தண்ணீர் கிடைக்கும் என்று நாளுக்கொரு தாள் எழுதித் தட்டச்சு செய்வது என் வேலை. பிளாஸ்ரிக் உறையில் போட்டு ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

அதற்கு முன் இரண்டு வருஷம் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். கதிரையில் இருந்து செய்ய எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. போனால் திரும்பவும் கோப்பைதான். தெரியாத வேலையில் தெரிந்தவன் மாதிரிச் சேர்ந்து, எப்போது பிடிபடுவோம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இருபக்கமும் கடல்

முதலாளி மார்கரெட் என்ற அம்மா. ஐம்பது வயதிருக்கும். முன்பு தாள்களை எழுதியவர் அவருடைய கணவர், சைக்கிள் பந்தயக்காரர். மனிதர் கொம்பனியையும் மார்கரெட்டையும் ஒரே நாளில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

நேர்முகத்தில் எத்தனை வருஷம் சைக்கிள் ஓடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். இருபது வருஷம், தினமும் என்றேன். பொய் இல்லை. சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் போனபோது எங்களுக்குக் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாம் சைக்கிள்தான். எத்தனை கியர் என்றார். கியர் இல்லை, பின்னுக்கு மனைவி, முன்னுக்கு ஒரு மூட்டை அரிசி என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். கடற்கரைப் பாதையில் ஓடிப் பழக்கம் உண்டா என்றார். ஊரிலிருந்து தீவுப்பக்கம் போகும் பண்ணைப் பாலத்தை நினைத்துக்கொண்டு, இருபக்கமும் கடல், எதிர்க்காற்று வேறு என்றேன். நோர்வே தெரியுமா என்றார். அக்கா குடும்பம் அங்கேதான் இருக்கிறது என்றேன்.

போயிருக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. மலை ஏறியிருக்கிறீர்களா என்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணம் தோசைக்கல்லு மாதிரித் தட்டையான ஊர். கோயில் கோபுரத்தை விட உயரமான எதன் பக்கத்திலும் நான் போனது கிடையாது. கேட்காததை நானாகச் சொல்லவில்லை. மார்கரெட் எழுந்து கை கொடுத்துச் சொன்னார்: "கியர் இல்லாமல், மனைவியோடும் அரிசியோடும். இதைக் கேட்க என் முன்னாள் கணவர் இங்கே இருந்திருக்க வேண்டும்."

பழுப்புக் கோடுகள்

முதல் வருஷம் நோர்வேயின் வரைபடங்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். படம் முழுக்க மெல்லிய பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. சில இடங்களில் நெருக்கமாக, தலைமயிர் மாதிரி. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாளுக்கு முன்னவர் கடலைச் சுற்றி அறுபது கிலோமீற்றர் எழுதியிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தக் கோடுகளுக்கு நடுவால் பதினாலு கிலோமீற்றரில் நேரே ஒரு றோட்டு இருக்கும்போது எதற்கு மனிதரைச் சுற்ற விடுவது? குறுக்கு வழியைப் போட்டு, "மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் காலாற ஓடலாம்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

ஒவ்வொரு கோடும் ஒரு உயரம் என்பது குழு ஓடிவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. கோடுகள் நெருங்கினால் செங்குத்து. அந்தப் பதினாலு கிலோமீற்றரும் கடலிலிருந்து முகிலுக்குப் போகும் கொண்டையூசி வளைவுகள். தட்டச்சில் வரிகள் மாறி விழுந்துவிட்டன என்று மார்கரெட்டிடம் சமாளித்தேன். நம்பினாரோ தெரியாது. ஒட்டாவாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் கடிதம் போட்டிருந்தார். முழுக் கடிதமும் இவ்வளவுதான்: "சாப்பாட்டுக்குப் பின் காலாற ஓடினோம். எந்த நாள் சாப்பாடு என்று நீங்கள் குறிப்பிட்டிருக்கலாம்."

அத்தான் பார்த்துச் சொன்னது

இனிமேல் கண்ணால் பார்த்த ஆள் சொல்லாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன். அக்காவின் கணவர் நாதன் அத்தானுக்கு ஃபியோர்ட் கரையில் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. லீவு நாளில் றோட்டுகளைப் பார்த்துச் சொல்லும்படி மன்றாடினேன். முதலில் காரில் போய்விட்டு வந்து, ஏற்றம் ஒன்றும் தெரியவில்லை என்றார். காருக்குத் தெரியாது அத்தான், உங்களுக்குத் தெரியவேண்டும் என்றேன். பக்கத்து வீட்டுக்காரனின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒவ்வொரு கிழமையும் அவர் ரெலிபோனில் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏழாவது கிலோமீற்றரில் இறங்கி உருட்டினேன், ஒன்பதில் புல்லில் படுத்தேன், பதினொன்றில் ஒரு ஆடு என்னைப் பார்த்தது என்பார். ஆட்டை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் தாளில் போட்டேன். "இந்த இடத்தில் இறங்கி உருட்டவும், வெட்கமில்லை" என்ற வரி அப்படித்தான் பிறந்தது. பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றடித்தால் நாங்களும் இறங்கி உருட்டுவதுதான் வழக்கம்.

கடைசி மலையை முடித்த அன்று மூச்சு வாங்க வாங்க அத்தான் கேட்டார்: "தம்பி, உந்த வழியிலை விரும்பிச் சைக்கிள் ஓட வாறவைக்கு வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

கோயில் வாசலில்

இதே சந்தேகம் இங்கேயும் இருந்தது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் கார் நிறுத்துமிடத்தில், ஊரில் எனக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஒரு அங்கிள் என்ன வேலை என்று விசாரித்தார். விளக்கமாகச் சொன்னேன். அவர் தன் புதுக் காரின் கதவைத் திறந்தபடி கேட்டார்: "நாங்கள் கார் இல்லாததாலை ஓடினம். உவை கார் வைச்சுக்கொண்டு ஓடுகினமெண்டால், உவையளை நம்பி நீர் வேலை செய்யிறது சரியோ?"

தண்ணீர் கிடைக்கும்

நாலாம் நாள் நாற்பத்தோராவது கிலோமீற்றரில் அக்காவின் வீடு. பக்கத்தில் கடை இல்லை. "மஞ்சள் வீடு, தண்ணீர் கிடைக்கும்" என்று எழுதி, ஆட்கள் வந்தால் போத்தலில் தண்ணீர் நிரப்பிவிடு என்று அக்காவுக்கும் சொல்லிவைத்தேன். இதைவிடப் பெரிய பிழை நான் விட்டதில்லை. வீடு தேடி வந்த ஆளைத் தண்ணீரோடு அனுப்ப எங்கள் அக்காமாருக்குத் தெரியுமா? ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரையும் இருத்தி, சோறு, நண்டுக் குழம்பு, பருப்பு, வடை, பிறகு தேத்தண்ணி. சாப்பிட்டவர்களால் சைக்கிளில் கால் தூக்கிப் போட முடியவில்லை. இரண்டு பேர் சோபாவில் நித்திரை. அக்கரைக்குப் போகும் கடைசிப் படகு போய்விட்டது. ஹோட்டலில் ஒன்பது கட்டிலும் வெறுமையாகக் கிடக்க, அக்கா நிலத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கிறாள்.

மார்கரெட் காலையில் என்னைக் கூப்பிட்டு, இந்த மஞ்சள் வீடு யாருடையது என்று கேட்டார். சொன்னேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வருஷத்துக்குப் பெயர் பதிய வந்த முதல் ஆள், அந்த ஒன்பது பேரில் ஒருவரான பல் வைத்தியர், வாசலில் நின்றபடியே சொன்னார்: "மலையைக் குறைத்தாலும் பரவாயில்லை, மஞ்சள் வீட்டைக் குறைக்கவேண்டாம்."

பிடிபட்ட நாள்

நாலாவது வருஷம் மார்கரெட் நல்ல செய்தி என்று சொல்லிக்கொண்டு வந்தார். இந்தமுறை குழுவுக்கு வழிகாட்டியாக நானே நோர்வேக்குப் போகவேண்டுமாம். அந்த றோட்டுகளை என்னை விடத் தெரிந்தவர் யார் என்றார். அகதியாக வந்தவன் நான். கனடாவில் நிரந்தரமாக இருப்பதற்கான பத்திரம் இன்னும் வரவில்லை. வெளியே போனால் திரும்பி வரமுடியாது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். வாய்க்குள் இரண்டு பொய்களைத் தயார்செய்து பார்த்தேன், இரண்டும் சரிவரவில்லை. இவர் என்னை நாலு வருஷம் நம்பியவர் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. கதிரையை ஒருமுறை தடவிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். நோர்வேயைக் கண்டதில்லை, மலையில் ஏறியதில்லை, எழுதியதெல்லாம் அத்தானின் மூச்சு.

மார்கரெட் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து அருகருகே வைத்தார். ஒன்று அவருடைய கணவர் எழுதியது. "மெல்லிய ஏற்றம்" என்றிருந்தது. மற்றது அதே றோட்டுக்கு நான் எழுதியது. இறங்கி உருட்டவும், வெட்கமில்லை.

"நீங்கள் போனதில்லை என்று எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும், சிவா. அங்கே ஓடியவர்கள் யாரும் இறங்கியதை எழுதமாட்டார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் இறங்குகிறவர்கள்."

பத்திரம் கிடைத்த பிறகு ஒருநாள் நானும் போனேன், என் தாளை ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு, எழுதிய இடமெல்லாம் இறங்கி உருட்டினேன், எழுதாமல் விட்ட ஏழெட்டு இடங்களிலும் இறங்கினேன், அந்த ஆடு என்னையும் பார்த்தது.