சுவரிலிருந்து இறங்கிய டிவி

குழந்தை பிறந்து நின்றுபோன வேலையை மறுபடி பிடிக்க நினைத்த வாரம்தான் என் லேப்டாப் திரை உடைந்தது. வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். கேளம்பாக்கத்தில் ஒரு கட்டட அலுவலகத்தில், "ஒரு பிளான் போட்டு அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்றிருந்தார்கள். அங்கிருந்து கருங்குழிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பை நழுவி விழுந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் திரை முழுக்கக் கறுப்புக் கோடுகள். மெஷின் மட்டும் ஓடியது.

ஒரு எச்டிஎம்ஐ வயர் வாங்கிவந்து லேப்டாப்பைக் கூடத்துச் சுவரிலிருந்த டிவியோடு இணைத்தேன். படம் வந்தது. ஆனால் ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ரிமோட்டில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். படத்தின் அளவை மாற்றியதும் ஓரங்கள் உள்ளே வந்தன. ஷார்ப்னஸைக் குறைத்ததும் எழுத்து தெளிந்தது. ஆனால் டிவி இருந்த உயரத்துக்கு அண்ணாந்து பார்த்தே வரைந்ததில், மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"இத்த கழட்டிக் கீழ வையுங்க" என்றேன் கணவரிடம்.

மாமியார் பதறினார். "செவுத்துல நல்லாத்தானே கீது? கழட்டினா ஓட்ட ஓட்டயா தெரியாது? என் நாடகம் இன்னா ஆவறது?"

"போன்ல போட்டுத் தரேன் அத்தே. இந்த வேலய வுட்டா எனக்கு வேற வராது."

 மாமியார் மகனிடம் திரும்பி, "ஸ்பேனர் எங்க கீது? எட்த்தாந்து கழட்டு" என்றார்.

பரணில் கிடந்த டிவி ஸ்டாண்டின் கால்களைப் பொருத்தி, டிவியைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தினோம். பிளானில் நான் வரைந்த முழு வீடும் திரையில் ஒரே பார்வையில் தெரிந்தது. வாசற்கதவைத் திறந்தால் படிக்கட்டில் முட்டும் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. படிக்கட்டை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

சோபாவில் மாமியார் போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, "அல்லாரும் தம்மாத்தூண்டு கீறாங்க" என்று முணுமுணுத்தார். ஆனாலும் குழந்தை அழுதபோது அவரே தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

பிளானை அனுப்பி, பயத்தோடு காத்திருந்தேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "திங்கக்கிழமையிலேர்ந்து வேலைய ஆரம்பிச்சிடுங்க. வீட்லேர்ந்தே பண்ணலாம்."

"லேப்டாப்புக்குப் புதுத் திரை போட்டுடலாமா?" என்று கேட்டார் கணவர்.

"வேணாம், இந்த டிவியே பழகிடுச்சி. சாயந்திரம் ஆனா அத்தைக்கு வுட்டுடறேன்."

திங்கட்கிழமை முதல் வேலையாக வந்தது மாமல்லபுரம் பக்கம் ஒரு மாடி வீடு. அன்று மதியமே மனையின் நாலு எல்லைக் கோடுகளையும் போட்டு முடித்தேன்.